மாணவரின் முன்னேற்றமும் ஆசிரியரின் வளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகையைச் சேர்ந்தவை. மாணவர்களை அடுத்த நிலைக்குக் கொண்டுசெல்வது எப்படி என்பது ஒன்று. ஆசிரியராகிய நாம் தேங்கிப்போகாமல் இருப்பது எப்படி என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடையைப் பாடக்குறிப்பிலும் இரண்டாவதற்குப் பயிற்சி முகாமிலும் தேடிப் பழகிவிட்டோம். இரண்டுக்கும் ஊற்று ஒன்றே என்ற நம்பிக்கையில் கீழுள்ள விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன. மாணவர் எழுதியதையும் சொன்னதையும் உற்றுப் பார்த்து, அதற்கேற்ப நாளைய பாடத்தை மாற்றிக்கொள்ளும் ஆசிரியரிடம் படிக்கும் மாணவர் முன்னேறுகிறார். அந்தப் பழக்கத்தாலேயே ஆசிரியரும் வளர்கிறார்.

மாணவர் முன்னேறுகிறார் என்பதை எதைக்கொண்டு அறிவது?

பாடப்பகுதி முடிந்துவிட்டது என்பதைக்கொண்டு அறிய முடியாது. அது நாம் நடத்தி முடித்ததற்கான சான்று மட்டுமே. ஒரே மாணவர் முன்பு செய்ததையும் இப்போது செய்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. ஆண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய ஒரு பத்தியையோ போட்ட ஒரு கணக்கையோ எடுத்து வைத்துக்கொண்டு, சில வாரங்கள் கழித்து அதே தரத்தில் வேறொன்றைக் கொடுத்துச் செய்யச் சொன்னால், மதிப்பெண் பட்டியலில் தெரியாத பலவற்றை அந்த இரண்டு தாள்களும் காட்டிவிடும். அப்படிப் பார்க்கும்போது, துணையின்றிச் செய்கிறாரா, கேள்வியின் வடிவம் மாறினாலும் செய்கிறாரா, நாள் கடந்தும் நினைவில் வைத்துச் செய்கிறாரா என்பனவற்றைக் கவனிக்க வேண்டும். வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற தரவரிசை இதற்கு உதவாது. வகுப்பு முழுவதும் முன்னேறியிருந்தால், நன்றாக முன்னேறிய மாணவரும் பழைய இடத்திலேயேதான் இருப்பார்.

பாடம் நடத்திவிட்டு “புரிந்ததா?” என்று கேட்டால் போதாதா?

போதாது. அந்தக் கேள்விக்கு “புரிந்தது” என்று பதில் சொல்பவர்களில் உண்மையாகவே புரிந்தவர்களும், புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களும், மற்றவர்கள் முன்னிலையில் புரியவில்லை என்று சொல்லத் தயங்குபவர்களும் கலந்திருக்கிறார்கள். இவர்களைப் பிரித்தறியும் வழி அந்தக் கேள்வியில் இல்லை. “இதையே வேறோர் எடுத்துக்காட்டோடு சொல்”, “இந்தப் படியை ஏன் செய்தோம்?”, “இந்த எண்ணை மாற்றினால் விடை கூடுமா, குறையுமா?” என்பன போன்ற கேள்விகளுக்குத் தலையாட்டித் தப்ப முடியாது.

கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அந்தக் காத்திருப்பு 3 விநாடிகளாகவோ அதற்கு மேலாகவோ நீண்ட வகுப்புகளில் மாணவர்களின் பதில்கள் நீண்டன, காரணங்களோடு வந்தன. “தெரியாது” என்ற பதில் குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசினார்கள். மாணவர் பதில் சொன்ன பிறகும் உடனே “சரி” என்று முடித்துவிடாமல் இன்னொரு 3 விநாடி பொறுத்தால், அவரே தம் பதிலை விரித்துச் சொல்வதைக் காணலாம். மூன்று விநாடி மௌனம் வகுப்பறையில் மிக நீண்டதாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிப் பழகினால்தான் கைவரும்.

வளரறி மதிப்பீடு என்பது அடிக்கடி நடத்தும் சிறுதேர்வுதானே?

தேர்வின் அளவைக்கொண்டு அதற்கு அந்தப் பெயர் வரவில்லை. கற்றல் நடந்துகொண்டிருக்கும்போதே தகவல் திரட்டி, அந்தத் தகவலால் அடுத்து நடப்பதை மாற்றினால் அது வளரறி மதிப்பீடு. முடிவைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால், அது பத்து நிமிடத் தேர்வாக இருந்தாலும் தொகுத்தறி மதிப்பீடுதான். பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகிய இரு ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட ஆய்வுரைக்குப் பின்னர் இந்த வேறுபாடு உலகெங்கும் பரவலாகப் பேசப்பட்டது. இத்தகைய மதிப்பீடு எல்லா மாணவர்களுக்கும் பயனளிக்கிறது, பின்தங்கியவர்களுக்குக் கூடுதலாகப் பயனளிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

நடைமுறையில் இதற்கு ஒரு துண்டுச் சீட்டு போதும். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, அன்றைய பாடத்தின் உயிர்நாடியான ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, சீட்டில் விடை எழுதித் தரச் சொல்லலாம். மதிப்பெண் போட வேண்டாம். புரிந்தவை, அரைகுறையாகப் புரிந்தவை, புரியாதவை என மூன்று குவியலாகப் பிரித்தால் மறுநாள் பாடத்தை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மூன்றாம் குவியல் பெரிதாக இருந்தால், நாளை புதுப் பாடம் எடுப்பதால் பயன் இல்லை.

மாணவர் தவறான விடை சொன்னால் உடனே திருத்திவிடலாமா?

அந்த விடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு திருத்தலாம். கவனக்குறைவால் வரும் பிழைகளும் உண்டு; ஆனால் வகுப்பில் பலர் ஒரே மாதிரி செய்யும் பிழைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு விதி இருக்கிறது. மாணவர் தாமே உருவாக்கிக்கொண்ட, அவரளவில் ஒழுங்கான, ஆனால் தவறான விதி அது.

கணித ஆசிரியர்கள் பலரும் கண்டிருக்கும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொன்னால், தொடக்க வகுப்பு மாணவர்கள் பலர் 12 என்று எழுதுகிறார்கள். சிலர் எல்லா எண்களையும் கூட்டி 17 என்று எழுதுகிறார்கள். இவர்களுக்குக் கூட்டல் நன்றாகவே தெரியும். சமக்குறி என்றால் “இதோ விடை வருகிறது” என்ற அறிவிப்பு என்று அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் பார்த்த கணக்குகள் எல்லாவற்றிலும் குறிக்கு வலப்பக்கம் விடை மட்டுமே இருந்ததால் அந்தப் புரிதல் இயல்பாகவே உண்டானது. “12 தவறு, 7 சரி” என்று திருத்தினால் நோட்டில் விடை மாறும், விதி மாறாது. அடுத்த கணக்கிலும் அதே பிழை வரும்.

இங்கே ஆசிரியர் செய்யத்தக்கது வேறு. “எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சொல்” எனக் கேட்டு, மாணவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பிறகு 7 = 7, 12 = 8 + 4, 8 + 4 = 7 + 5 என்று மூன்று வரிகளை எழுதி, ஒவ்வொன்றும் சரியா தவறா என்று வகுப்பை விவாதிக்க விடலாம். முதல் வரியிலேயே சச்சரவு தொடங்கும், “கணக்கே இல்லையே, எப்படிச் சரியாகும்?” என்று ஒருவராவது கேட்பார். இருபுறமும் ஒரே மதிப்பு என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் விவாதத்தின் வழியே வந்து சேர்ந்தால், பிற்காலத்தில் இயற்கணிதச் சமன்பாடுகள் அவர்களை அச்சுறுத்தமாட்டா. ஒரு பிழையை இவ்வளவு தூரம் பின்தொடர்ந்து போகும் ஆசிரியர், அடுத்த ஆண்டு அதே பாடத்தை முதல் நாளிலிருந்தே வேறு விதமாக நடத்துவார்.

மதிப்பெண் போடுவது நல்லதா, குறிப்புரை எழுதுவது நல்லதா?

கற்றலுக்குக் குறிப்புரையே உதவுகிறது. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவினருக்குக் குறிப்புரை மட்டும், மற்றொரு பிரிவினருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களிடம் செயல்திறனும் ஆர்வமும் உயர்ந்தன. இரண்டையும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண்ணைப் பார்த்தவுடன் பிள்ளைகளின் கண் பக்கத்து நோட்டுக்குப் போய்விடுகிறது. குறிப்புரை படிக்கப்படாமலே கிடக்கிறது. மதிப்பெண் கட்டாயமாகத் தர வேண்டிய இடங்களிலும், முதலில் குறிப்புரையை மட்டும் எழுதி நோட்டைத் திருப்பித் தந்து, மாணவர் திருத்தி எழுதிய பிறகு மதிப்பெண் தரும் வழி இருக்கிறது.

ஆனால் குறிப்புரை என்ற பெயரில் எதை எழுதினாலும் பயன் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. 1996இல் குளூகர், டெனிசி இருவரும் பின்னூட்டம் பற்றிய ஏராளமான ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பின்னூட்டத்துக்குப் பின் செயல்திறன் குறைந்திருந்தது தெரியவந்தது. பின்னூட்டம் செய்த வேலையை விட்டு ஆளைப் பற்றியதாக மாறும்போது இந்தக் கேடு நேர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். “நீ கெட்டிக்காரன்” என்பதும் “உனக்குக் கணக்கு வராது” என்பதும் இந்த வகையில் ஒன்றே. இரண்டிலும் அடுத்து என்ன செய்வது என்ற வழி இல்லை. “நன்று”, “இன்னும் முயற்சி தேவை” என்பனவும் அப்படித்தான். “இரண்டாம் பத்தியில் உன் கருத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாய், அதை ஏன் ஏற்க வேண்டும் என்பதற்கு ஒரு சான்று சேர்த்து, அந்தப் பத்தியை மட்டும் மீண்டும் எழுதிக் காட்டு” என்ற குறிப்பில் மாணவர் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய வகுப்பு நேரத்திலேயே பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். இல்லையேல் எழுதிய உழைப்பு வீணாகும்.

அத்தனை நோட்டுகளிலும் குறிப்புரை எழுத நேரம் ஏது?

எல்லாவற்றிலும் எழுத வேண்டியதில்லை. நோட்டுகளைப் படித்துக்கொண்டே திரும்பத் திரும்ப வரும் நான்கைந்து குறைகளைத் தனித்தாளில் எண்ணிட்டு எழுதிக்கொண்டு, ஒவ்வொரு நோட்டின் ஓரத்திலும் உரிய எண்ணை மட்டும் குறித்தால் போதும். மறுநாள் அந்த எண்களுக்கான குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால், மாணவர்கள் தங்களுக்குரியதைத் தாங்களே நோட்டில் எழுதிக்கொண்டு திருத்தத் தொடங்குவார்கள். ஆசிரியரின் கையில் எஞ்சும் அந்தத் தனித்தாள், அடுத்த வாரத்துக்கான பாடக்குறிப்பின் முதல் பக்கமாகிவிடுகிறது.

ஒரே வகுப்பில் பல நிலைகளில் மாணவர்கள் இருக்கிறார்கள். எல்லாரையும் எப்படி முன்னேற்றுவது?

இது கடினமான கேள்வி. எளிய விடை இருப்பதாகச் சொல்வது நேர்மை ஆகாது. பலரும் முதலில் நாடும் வழி, பின்தங்கியவர்களுக்கு எளிய வேலையும் முன்னே இருப்பவர்களுக்குக் கடினமான வேலையும் கொடுப்பது. இந்த ஏற்பாடு தற்காலிகமாக இருக்கும்வரை கெடுதல் இல்லை. நாளடைவில் அது நிலைத்துவிட்டால், “மெல்லக் கற்போர்” என்று பெயரிடப்பட்டவர்கள் ஆண்டு முழுவதும் எளிய வேலையை மட்டுமே செய்து, இடைவெளியை அகலமாக்கிக்கொண்டு வெளியேறுகிறார்கள். இலக்கை எல்லாருக்கும் ஒன்றாக வைத்துக்கொண்டு, அதை அடையத் தரும் துணையின் அளவை மட்டும் ஆளுக்கேற்ப மாற்றுவதே நியாயமானது என்று கருதுகிறேன்.

துணையின் அளவை எப்படித் தீர்மானிப்பது என்பதற்கு ருஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியின் சிந்தனை இன்றும் வழிகாட்டுகிறது. ஒருவர் தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பகுதியையே அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். கற்பித்தல் பலன் தருவது அந்தப் பகுதியில்தான். 1934இல், 37 வயதிலேயே அவர் இறந்துவிட்டார். துணை தந்து படிப்படியாக விலக்கிக்கொள்வதைச் ‘சாரக்கட்டு’ என்ற பெயரில் விளக்கியவர்கள் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும். 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு வடிவம் அமைக்க, ஒருவர் எப்படி உதவினார் என்பதைக் கவனித்து எழுதிய அவர்களது கட்டுரை 1976இல் வெளிவந்தது.

வகுப்பறையில் இது இப்படி அமையும். முதல் கணக்கை ஆசிரியரே ஒவ்வொரு படியிலும் காரணம் சொல்லிச் செய்து காட்டுகிறார். இரண்டாவது கணக்கில் கடைசிப் படியை மட்டும் விட்டுவிட்டு மாணவர்களை நிரப்பச் சொல்கிறார். மூன்றாவதில் பாதியை விடுகிறார். நான்காவதை அவர்களே முழுவதும் செய்கிறார்கள். சிலர் இரண்டாவது கணக்கிலிருந்தே நான்காவதுக்குத் தாவிவிடுவார்கள். அவர்களைத் தடுக்கக் கூடாது, ஏனெனில் தெரிந்தவருக்கு மீண்டும் மீண்டும் செய்து காட்டுவது அவருடைய கற்றலுக்கே தடையாகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலருக்கு மூன்றாவது வகையில் இன்னும் இரண்டு தேவைப்படும். துணை தருவதைவிட அதை உரிய நேரத்தில் விலக்கிக்கொள்வதே கடினம், குறிப்பாகப் பிள்ளைகள்மீது அன்புள்ள ஆசிரியர்களுக்கு.

நன்றாகப் படித்ததையும் சில வாரங்களில் மறந்துவிடுகிறார்களே?

மறதி கற்றலின் இயல்பான பகுதி. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, கற்றதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களிலேயே நழுவிவிடுகிறது என்று 1885இல் வெளியிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட மேல் என்பதையும் அவரே கண்டறிந்தார். திரும்பப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு பிரிவினர் பாடத்தை மீண்டும் படித்தார்கள். மற்றவர்கள் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது.

ஆகவே ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று எனக் கேள்விகளைக் கேட்டு, புத்தகத்தைத் திறக்காமல் எழுதச் சொல்வது நல்ல பழக்கம். மதிப்பெண் இல்லாதவரை அதில் அச்சமும் இருக்காது.

ஒவ்வொரு மாணவருக்கும் உரிய கற்றல் பாணியைக் கண்டறிந்து கற்பிக்க வேண்டும் என்கிறார்களே?

காட்சி வழிக் கற்பவர், செவி வழிக் கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அவரவர் பாணியில் நடத்தினால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, உளவியலாளர்கள் நால்வர் 2008இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து எழுதினார்கள். நிலப்படத்தை எல்லாரும் கண்ணால் பார்த்தே கற்க வேண்டும். உச்சரிப்பை எல்லாரும் காதால் கேட்டே கற்க வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பாடப்பொருள்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரைப் பாதிக்குமா?

பாதிக்கும், ஆனால் மாயமாக அன்று. ஆசிரியர் அதிகம் எதிர்பார்த்த மாணவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள் என்று 1968இல் ரோசென்தால், ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின் முடிவுகள் எவ்வளவு வலுவானவை என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அதன்பின் நடந்த வகுப்பறைக் கவனிப்புகள் காட்டியது இன்னும் பயனுள்ளது: குறைவாக எதிர்பார்க்கப்பட்ட மாணவரிடம் ஆசிரியர்கள் குறைந்த நேரமே காத்திருந்தார்கள், விடை வராதபோது துணைக்கேள்வி கேட்காமல் அடுத்தவரிடம் போனார்கள். இவை திருத்திக்கொள்ளக் கூடியவை. கடந்த ஒரு வாரத்தில் யார் யாரிடம் கேள்வி கேட்டோம் என்று வருகைப் பட்டியலில் புள்ளி வைத்துப் பார்த்தால், புள்ளியே விழாத பெயர்கள் சில தென்படும்.

பணியிடைப் பயிற்சிகளில் தவறாமல் கலந்துகொள்கிறேன். என் கற்பித்தலில் மாற்றம் தெரியவில்லையே, ஏன்?

பயிற்சி நடக்கும் இடமும் கற்பித்தல் நடக்கும் இடமும் வேறுவேறாக இருப்பது முதன்மையான காரணம். ஜாய்ஸ், ஷவர்ஸ் இருவரும் 1980களில் வலியுறுத்தியபடி, ஒரு முறையைப் பற்றிக் கேட்பதாலும் செய்து காட்டுவதைப் பார்ப்பதாலும் அறிவு கூடுகிறது. அது வகுப்பறைப் பழக்கமாக மாறுவதற்கோ, சொந்த வகுப்பில் முயன்று பார்க்கும்போது பக்கத்தில் நின்று வழிகாட்டுபவர் தேவைப்படுகிறார். பல முறைகளை ஒரே நாளில் அள்ளித் தரும் பயிற்சியிலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, அதையும் ஒரே ஒரு வகுப்பில் சில வாரங்களுக்கு விடாமல் செய்து பார்ப்பது பலன் தரும். பயிற்சிக்குப் போகும்போதே மாணவர்களின் நோட்டுகள் சிலவற்றைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள். “இந்தப் பிழைக்கு இந்த முறை எப்படி உதவும்?” என்று கேட்டால், பயிற்சி நடத்துபவரும் பொதுப்பேச்சிலிருந்து இறங்கி வருவார்.

அனுபவம் கூடக்கூடத் திறமை தானாக வளர்ந்துவிடாதா?

முதல் சில ஆண்டுகளில் வேகமாக வளர்கிறது. அதன்பின் பலருக்கு அந்த வேகம் குறைந்துவிடுகிறது. வகுப்பு ஒழுங்கும் பாடப்பகுதியும் பிடிபட்டவுடன், மாற வேண்டிய நெருக்கடி நீங்கிவிடுவதே அதற்குக் காரணம். ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் இசைக்கலைஞர்களை ஆராய்ந்து எழுதியதில் ஆசிரியர்களுக்கும் பாடம் இருக்கிறது. தெரிந்ததையே திரும்பச் செய்வது வேறு. பலவீனமான ஒரு பகுதியைக் குறிவைத்து, உடனடிப் பின்னூட்டத்தோடு பயில்வது வேறு.

இன்னொரு தடையும் உண்டு. சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் சுட்டிக்காட்டியது போல, ஆசிரியராகப் போகும் எவரும் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான மணிநேரம் மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர்கள் செய்ததைப் பார்த்தாரே தவிர, செய்வதற்கு முன் என்ன யோசித்தார்கள் என்பதைப் பார்க்கவில்லை. அதனால் நெருக்கடி வரும்போது, கல்வியியல் கல்லூரியில் படித்தது மறைந்து, தாம் சிறுவயதில் பார்த்த ஆசிரியரின் குரலே நம் வாயிலிருந்து வருகிறது.

அனுபவம் உண்மையான அறிவாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது. கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் அதைத் தனிவகை அறிவாக அடையாளம் காட்டினார். பாடம் தெரிந்திருப்பதும் பொதுவாகக் கற்பிக்கத் தெரிந்திருப்பதும் சேர்ந்தாலும் அது ஆகிவிடாது. இந்தக் குறிப்பிட்ட பாடத்தில் மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள், எந்த எடுத்துக்காட்டு கைகொடுக்கும், எது குழப்பும் என்ற அறிவு அது. சமக்குறியைப் பற்றி மேலே பார்த்தது அத்தகையது. கணித அறிஞருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை; கணித ஆசிரியருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அதைச் சேர்த்து வைக்கும் பழக்கம் இல்லாவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் அதே தடுமாற்றத்தை முதல்முறை போலவே சந்திக்க நேரும்.

சக ஆசிரியர் என் வகுப்பில் வந்து உட்கார்வது சங்கடமாக இருக்கிறது. அவசியம்தானா?

சங்கடம் நியாயமானதே. வகுப்புக்கு வருபவர் என்றாலே குறை குறித்துக்கொண்டு போகும் மேலதிகாரி என்ற அனுபவம் பலருக்கு இருக்கிறது. ஜப்பானிய ஆசிரியர்களிடம் நூறாண்டுக்கும் மேலாக இருந்துவரும் பாட ஆய்வு முறை இந்தச் சங்கடத்தைப் பெரிதும் தவிர்க்கிறது. அங்கே சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிடுகிறார்கள். மாணவர்கள் என்னென்ன விடை சொல்லக்கூடும் என்பதை முன்கூட்டியே ஊகித்து எழுதுகிறார்கள். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் மாணவர்களின் அருகில் நின்று, யார் எங்கே தயங்கினார், எதை எழுதி எதை அழித்தார் என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கூடி உட்கார்ந்து, ஊகித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பேசி, பாடத்தைத் திருத்துகிறார்கள். பாடம் அனைவரும் சேர்ந்து அமைத்ததாகையால், விமரிசனம் நடத்தியவர்மீது விழுவதில்லை.

இந்த முறையில் பெரிதும் மதிக்கத்தக்கது பார்வை திரும்பும் திசை. பார்க்க வந்தவரிடம், “என்னைப் பார்க்காதீர்கள், அந்தக் கடைசி வரிசையில் மூன்று பேரின் நோட்டை மட்டும் பாருங்கள்” என்று சொல்லித்தான் பாருங்கள். நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது நடந்தவை எல்லாம் நமக்குக் கிடைக்கும்.

என் பாடத்துக்கு நான் ஒருவரே ஆசிரியர். யாரோடு சேர்ந்து கற்பது?

கைப்பேசியில் சொந்தப் பாடத்தை ஒலிப்பதிவு செய்து கேட்பது நல்ல தொடக்கம். பள்ளியின் அனுமதியும் மாணவர்களுக்கு முன்னறிவிப்பும் வேண்டும். முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. பத்து நிமிடப் பகுதியில் கேள்விகள் எத்தனை, அவற்றில் ஒரு சொல்லில் விடை சொல்லக்கூடியவை எத்தனை, காத்திருந்தது எவ்வளவு என்று எண்ணினாலே அடுத்த மாதத்துக்கான வேலை கிடைத்துவிடும். வேறு பாட ஆசிரியரும் துணையாவார். வரலாற்றுப் பாடத்தைப் பார்க்க வரும் அறிவியல் ஆசிரியருக்குப் பாடம் தெரியாது என்பதே ஒரு வசதி. எந்த இடத்தில் விளக்கம் புரியாமல் போனது என்பதை அவரால் மாணவரின் இடத்திலிருந்து சொல்ல முடியும்.

கற்பதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதும் வளர்ச்சிக்கு வழி. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசான் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்கே கைவரும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் வரும், மற்றவருக்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரையும் வரும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. மாணவர்களுக்குச் சொல்லப்பட்ட அந்தக் கணக்கு ஆசிரியருக்கும் பொருந்தும். ஒரு பிழையை எப்படிக் கையாண்டீர்கள் என்பதை ஒரு பக்கம் எழுதி, புதிதாகப் பணிக்கு வந்தவர் ஒருவருக்குக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்?

நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே பாடம் அல்லது ஒரே வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது பொதுவாக ஓய்வு இருக்குமாறு கால அட்டவணை அமைந்தால், சேர்ந்து நோட்டுகளைப் பார்க்க முடியும். அந்தப் பாடவேளையை விடுப்பில் இருப்பவரின் வகுப்புக்கு அனுப்பப் பயன்படுத்தாமல் காப்பதும் தலைமையாசிரியரின் கடமை. கற்றுக்கொள்வதற்காகப் பிறர் வகுப்பைப் பார்ப்பதையும், பணித்திறனை மதிப்பிடுவதற்காகப் பார்ப்பதையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. மதிப்பீட்டுக்கு அஞ்சும் ஆசிரியர் நன்கு ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் காட்டுவார். தடுமாறும் பாடத்தை மறைத்துவிடுவார்.

புதிய முறை ஒன்றை முயன்றேன், சரிவரவில்லை. விட்டுவிடலாமா?

முதல் முயற்சியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். புதிய முறையில் ஆசிரியரின் கை பழகியிருக்காது, மாணவர்களும் குழம்பியிருப்பார்கள். எண்ணிக் காத்திருக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் வகுப்பு நெளியும், சிலர் சிரிப்பார்கள், ஆசிரியர் என்ன விடையை எதிர்பார்க்கிறார் என்று முகத்தைப் பார்ப்பார்கள். அது முறையின் தோல்வி என்று கொள்வதற்கில்லை.

அதே சமயம் எல்லையில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. தொடங்கும் முன்பே, எது நடந்தால் இது பயன்படுகிறது என்று ஏற்பேன் என்பதை ஒரு வரியில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது: “ஆறு வாரத்தில், இதுவரை பதில் சொல்லாதவர்களில் பாதிப் பேராவது தாமாகப் பேச வேண்டும்” என்பது போல. மூன்றாம் வாரத்தில் அந்த வரியை எடுத்துப் பார்த்து, ஒரே ஒரு கூறை மட்டும் மாற்றித் தொடரலாம். கேள்விக்கு முதலில் தனியாக எழுதிவிட்டுப் பிறகு பேசச் சொல்வது அத்தகைய ஒரு மாற்றம். ஆறாம் வாரமும் அசைவு இல்லையென்றால் அந்த வகுப்புக்கு அந்த முறையை நிறுத்திவிடலாம். எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், என்ன எதிர்பார்த்து, என்ன நடந்தது என்ற நான்கையும் பாடக்குறிப்பேட்டின் அதே பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தைத் திட்டமிட அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது அது தேவைப்படும்.